தாளின் ஓரத்தில் ஒரு கை

போன மாதம் என் மகளின் பிறந்தநாள் படங்களைக் கைபேசியிலிருந்தே ஒரு கடைக்கு அனுப்பினேன். இரண்டொரு நாளில் உறையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் கேக் இருக்கிறது, பலூன் இருக்கிறது, மகள் இருக்கிறாள், என் கணவரின் அக்காவுக்கு மட்டும் பாதி முகத்தைக் காணவில்லை. அண்ணி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவருடைய கோபம் எப்போதும் அப்படித்தான், சத்தமே இருக்காது.

கைபேசி எடுக்கிற படத்தின் வடிவம் வேறு, தாளின் வடிவம் வேறு, யாரும் வேண்டுமென்று வெட்டவில்லை என்று நான் கணவரிடம் விளக்கத் தொடங்கினேன். ஒரு தாளைக்கூட மடித்துக் காட்டினேன். "நீ இன்னும் அந்த ஸ்டூடியோவுலதான் உக்காந்திருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. படங்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் அப்போது. சிரிக்காதீர்கள். பழைய படங்களில் லேசான புளிப்பு வாடை ஒன்று இருக்கும், காடிபோல. இவற்றில் ஒரு வாடையும் இல்லை.

எங்கள் ஸ்டூடியோவில் அந்தப் புளிப்பு வாடையோடு கராம்பு வாடையும் சேர்ந்திருக்கும். மாத்தளை டவுனில், திருகோணமலை வீதியில், ஒரு பலசரக்கு மொத்த வியாபாரியின் களஞ்சியத்துக்கு அடுத்த கடை எங்களுடையது. அவர்கள் மிளகு காயவைத்தால் நான் தும்முவேன். சாதிக்காய் வந்து இறங்கினால் எனக்குத் தூக்கம் வரும். சண்டை கடைசியாக மூண்டு, ஒரேயடியாக முடிந்த அந்த நாலைந்து வருடங்கள் முழுவதும் நான் அங்கே ஒரு கணினிக்கு முன்னால் தும்மிக்கொண்டும் தூங்கி விழுந்துகொண்டும் இருந்தேன். கணினி வகுப்பொன்றுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். வங்கியில் வேலை கிடைக்கும் என்று அப்பா நம்பினார். கிடைத்தது ஆட்களின் கன்னத்துப் பருவை அழிக்கிற வேலை.

முதலாளி விமல் மாத்தையா, சிங்களத்தில் ஐயா என்பது. சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கவலை வந்தால் சிங்களத்துக்கு மாறிவிடுவார். என்னைத் தங்கை என்கிற அர்த்தத்தில் 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். மெலிந்த மனிதர். வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. படங்களை அச்சிடும் பெரிய இயந்திரம் எங்களிடம் இல்லை. நான் கணினியில் சரிசெய்து சீடியில் ஏற்றிக் கொடுப்பேன். அவர் காலை பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோய், அங்குள்ள லேப்பில் அச்சடித்துக்கொண்டு பின்னேரம் திரும்புவார். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கவேண்டும். ஒரு தடவை சிப்பாய் ஒருவன் பொதியைப் பிரித்து யாரோ ஒருவருடைய கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, பொம்பிள்ளை அழகாக இருக்கிறாள், மாப்பிள்ளைதான் சுமார் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம். மாத்தையா அதை ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாலுக்கு ஆறு, ஐந்துக்கு ஏழு, ஆறுக்கு எட்டு, எட்டுக்குப் பன்னிரண்டு, எல்லாம் அங்குலத்தில் படத்தாளின் அளவுகள். அந்நாளில் என் உலகம் இவ்வளவுதான். பிலிம் இருந்த காலத்தில் தொல்லை இல்லை. பிலிமும் நாலுக்கு ஆறு தாளும் ஒரே உடல்வாகு. கையடக்க டிஜிட்டல் கமெராக்கள் வந்த பிறகுதான் வினை. அவை எடுக்கிற படம் கொஞ்சம் குட்டை, தாளோ நெட்டை. தாளை நிறைத்துப் போட்டால் படத்தில் எங்காவது வெட்டவேண்டும். வெட்டாமல் போட்டால் தாளில் வெள்ளை மிஞ்சும். வெள்ளை மிஞ்சினால் எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. தாளை வீணாக்கிப்போட்டு ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். சிலர் வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலால் வெள்ளையை நறுக்கிவிட்டு, படம் அல்பத்தின் பைக்குள் நிற்காமல் நழுவி விழுகிறது என்று மறுபடி வந்து சண்டை பிடிப்பார்கள்.

ஆகவே வெட்டுவதுதான் வழி. படுக்கையாக எடுத்த படமென்றால் பின்வரிசையில் வாங்குப் பலகைமேல் ஏறி நிற்பவர்களின் தலை போகும், அல்லது முன்னால் இருக்கும் பிள்ளைகளின் கால் போகும். நிமிர்த்தி எடுத்ததென்றால் பக்கங்களில் நிற்பவர்கள் போவார்கள். எந்தக் கல்யாணப் படத்தையும் எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நிற்பவர்கள் எப்போதும் ஒரே விதமான ஆட்கள்தான். கூப்பிட்டதால் வந்தவர்கள், நடுவில் நிற்கக் கூச்சப்படுபவர்கள். விதவைச் சித்திகள். மாப்பிள்ளையோடு வேலை செய்கிற யாரோ. அவர்களை வெட்டும்போதெல்லாம் மாத்தையாவைக் கேட்டுவிட்டே வெட்டுவேன். அவர் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார்.

ராசம்மா என்கிற அம்மாவை நான் முதலில் பார்த்தது ஒரு தீபாவளி கழிந்த மழை நாளில். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். குடையைச் சுருக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, கால் ஈரம் நிலத்தில் படாமல் விளிம்பிலேயே நின்றார். கூட வந்தவன் ரிஸ்வான் என்ற இளைஞன். உக்குவளை ஊர். பேசியதெல்லாம் அவன்தான். ராசம்மாவின் மகன் யோகராஜும் அவனும் ஒரே பாடசாலையில் படித்து, ஒன்றாகவே கொழும்புக்குப் போய், ஒரே துணிக்கடையில் வேலைக்கு நின்றவர்கள். ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பு போனுக்குக் காசு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று யோகராஜ் சந்திவரை போயிருக்கிறான். திரும்பி வரவில்லை. ஒரு வேன் வந்து நின்றது என்றும் அதில் ஏற்றினார்கள் என்றும் சந்தியில் இருந்தவர்கள் ரிஸ்வானிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் போய்க் கேட்டபோது சொன்னவர்களே நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முறைப்பாடு கொடுக்கப் படம் வேண்டும். யோகராஜின் அடையாள அட்டை அவன் சட்டைப் பையில் போய்விட்டது. வீட்டில் இருந்தது பள்ளிக்கூடத்தில் எடுத்த குழந்தைப் படம் ஒன்று. ஆனால் அந்த வருடம் மாத்தளை மாரியம்மன் தேருக்கு இரண்டு பேரும் கொழும்பிலிருந்து வந்திருந்தபோது, சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த ரிஸ்வானின் மச்சான் தன் புதுக் கமெராவில் ஒரு படம் எடுத்திருந்தார். அந்தக் கமெராவின் நினைவுச் சில்லைத்தான் ரிஸ்வான் ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தான்.

திறந்து பார்த்தேன். நிமிர்த்தி எடுத்த படம். பின்னால் தேரின் துணியும் குஞ்சமும். முன்னால் இரண்டு பேர். வலது பக்கம் ரிஸ்வான். அவன் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் யோகராஜ். ரிஸ்வானின் கை யோகராஜின் தோளைச் சுற்றிக் கிடந்தது. மோதிர விரலில் கல் வைத்த ஒரு வெள்ளி மோதிரம். யோகராஜ் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ராசம்மா கணினித் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். அழவில்லை. அவருக்கு வேறொரு கவலை இருந்தது.

"சிரிக்காத மாதிரி செய்ய முடியாதா புள்ள? காணாமப் போன புள்ள இப்பிடிச் சிரிச்சிக்கிட்டு இருந்தா, பொலிசுல நம்ப மாட்டாங்க."

முடியாது அம்மா என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அன்றைக்கு முகத்தை மட்டும் எடுத்து பாஸ்போர்ட் அளவில் போட்டுக் கொடுத்தோம். அதில் யார் கையும் வரவில்லை. பாஸ்போர்ட் படத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை என்பதால், அவன் சிரிப்பது உண்மையிலேயே ஏதோ குற்றம் போலத்தான் இருந்தது.

பிறகு அவர் அடிக்கடி வந்தார். வருகிற நாளில் தோட்டத்தில் அவருக்குப் பேர் விழாது. வேலைக்கு வராத நாளைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சில தடவை மகளையும் கூட்டிவருவார், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, பேசாமல் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு அளவில் படம் கேட்டது. ஓர் இடத்தில் பாஸ்போர்ட் போதும், இன்னோர் இடத்தில் முழு உருவம் வேண்டும், போட்ட சட்டை தெரியவேண்டும். அப்படித்தான் கண்டியிலுள்ள ஓர் அலுவலகத்துக்கென்று நாலுக்கு ஆறு கேட்டு வந்தார்.

நாலுக்கு ஆறு என்றால் பக்கம் போகும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். யோகராஜ் நடுவில் வரவேண்டுமென்றால் ரிஸ்வான் முழுதாகவே போகவேண்டும். அவன் போனாலும் கை தோளில் மிஞ்சும். முழங்கையிலிருந்து விரல்வரை, யாருடையது என்று தெரியாத ஒரு கை. அதையும் அழித்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். அந்தத் தொழிலில் அதுதான் சுத்தமான வேலை.

"அந்தக் கைய எடுக்காதீங்க புள்ள" என்றார் ராசம்மா. "கூட ஆள் இருக்குன்னு தெரியட்டும். ஆள் இருக்கிறவன ஒண்ணு செய்யிறதுக்கு முந்தி யோசிப்பாங்க."

நான் மாத்தையாவைப் பார்த்தேன். அவர் அப்படியே போடு என்று கண்ணைக் காட்டினார். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளும்படி ராசம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். படங்கள் கண்டிக்குப் போய் வந்தன. தோளில் கையோடு யோகராஜ் என் மேசை லாச்சிக்குள் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை ராசம்மாவுக்கு முன்னால் வந்தது இன்னோர் அம்மா. கறுத்த அபாயா, முகத்தில் வியர்வை. ரிஸ்வானின் உம்மா என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். பிறகு வாங்கில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ரிஸ்வான்தான் இந்த விசயத்தில் வாக்குமூலம் கொடுத்த ஒரே ஆள். அந்தக் கிழமை உக்குவளைச் சந்தியில் யாரோ இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து அவன் வீடு எது என்று விசாரித்திருக்கிறார்கள். அவனை இப்போது வேறொரு வீட்டில் வைத்திருக்கிறார்கள். கட்டாருக்கு அனுப்ப ஓடித் திரிகிறார்கள். இந்த நேரத்தில் இந்தப் படம் அலுவலகம் அலுவலகமாகப் போகப்போகிறது என்று அவனே வீட்டில் சொல்லியிருக்கிறான்.

லாச்சியிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினேன். மகன் அதில் இல்லையே என்று அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் காட்டினேன். அவர் விரலால் அந்தக் கையைத் தொட்டார்.

"மகள், இது எங்கட மகன்ட மோதிரம். வாப்பா மௌத்தாக முந்திப் போட்டுவிட்டது. ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

அவர் அழத் தொடங்கியபோதுதான் ராசம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மலையிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. இரண்டு பேருக்கும் முன்பே பழக்கம். பெருநாளைக்கு அந்த வீட்டிலிருந்து எல்கடுவைக்குப் புரியாணியும், பொங்கலுக்கு இந்த வீட்டிலிருந்து உக்குவளைக்குச் சர்க்கரைப் பொங்கலும் போய்வந்துகொண்டிருந்தன. ஆனால் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரிஸ்வானின் உம்மா சொல்லவேண்டியதை என்னைப் பார்த்துச் சொன்னார். ராசம்மா சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு மணமகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

பக்கத்துக் களஞ்சியத்தில் சாக்கு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மாத்தையா கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே நின்றார். ராசம்மா மறுத்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது அவருடைய படம். அவருக்கு அந்தக் கையைத் தவிர அதில் நம்பிக்கை வைக்க வேறொன்றும் இல்லை.

கடைசியில் அவர் என் மேசைக்கு வந்தார். மேலே கிடந்த படங்களை அடுக்கிக் கவிழ்த்து வைத்தார்.

"எடுத்துருங்க புள்ள. ஒரு புள்ளயாவது வீட்டுல இருக்கட்டும்."

பிறகுதான் போய் ரிஸ்வானின் உம்மாவுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். நான் வேலை செய்து முடிக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். ஏதும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கையை அழிப்பதென்றால் அதற்குப் பின்னால் இருந்த சட்டையை நாம் புதிதாக உண்டாக்கவேண்டும். யோகராஜின் மற்றத் தோளை நகல் எடுத்து, திருப்பி, கை கிடந்த இடத்தில் ஒட்டினேன். வெள்ளைச் சட்டையென்றால் சுலபம். இது கட்டம் போட்டது. கோடுகள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. எவ்வளவு இழுத்தாலும் ஓர் இடத்தில் நீலக் கோடு உடைந்து நின்றது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

முழுப் படத்தையும் கணினியிலிருந்தே அழித்துவிடும்படி ரிஸ்வானின் உம்மா கேட்டார். மச்சானின் கமெராச் சில்லில் ஏற்கெனவே அழித்தாகிவிட்டது என்றார். கையோடு அச்சடித்த நாலுக்கு ஆறுகளையும் தன்னிடம் தரச் சொன்னார். ராசம்மாவே அவற்றை எடுத்துக் கொடுத்தார். அழிக்கிற வேலையை மாத்தையா என்னிடம் விடவில்லை. என்னை எழும்பச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானே இருந்து, தேடித் தேடி அழித்தார். சீடியை இரண்டாக முறித்தார்.

அவர்கள் போன பிறகு அவர் சிங்களத்தில் பேசினார். எண்பதுகளின் கடைசியில், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை அரசு நசுக்கி, எங்கள் ஊர்ப் பையன்களின் பிணங்களை ஆற்றோரங்களில் தேடிய அந்தக் காலத்தில், அவருடைய தம்பியும் வீட்டைவிட்டுப் போய் ஒளிந்திருந்தானாம். தேடி வருபவர்களின் கையில் முகம் அகப்படக்கூடாது என்று அவருடைய அம்மா வீட்டிலிருந்த தம்பியின் படங்களை எல்லாம், குழந்தைப் படம் உட்பட, அடுப்பில் போட்டுவிட்டாராம். தம்பி வரவில்லை. பிறகு விசாரிக்கக் கொண்டுபோக ஒரு படமும் இல்லை. "அம்மா செய்தது பிழை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை நங்கி" என்றார். "அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துத்தானே செய்தாள்." பழைய பிலிம் காலத்திலிருந்தே அவர் ஏன் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ரிஸ்வான் அடுத்த மாதமே கட்டாருக்குப் போய்விட்டான்.

ராசம்மா தொடர்ந்து வந்தார். காணாமல்போனவர்களின் அம்மாமார் சேர்ந்து உட்காருகிற இடங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார். அங்கே கையில் பிடித்துக்கொண்டு உட்கார எட்டுக்குப் பன்னிரண்டு வேண்டுமென்றார். சின்னக் கமெரா எடுத்த படம், அதில் வெட்டி மிஞ்சிய துண்டு. அந்த அளவுக்குப் பெருக்கினால் முகம் தாங்காது என்று சொன்னேன். பரவாயில்லை, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத்தானே என்றார். போட்டுக் கொடுத்தோம். கண்ணும் பல்லும் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்துபோயிருந்தன. பாஸ்போர்ட் அளவில் அவன் யார் என்று தெரிந்தது. பெரிதாக்கப் பெரிதாக்க யாராகவும் இருக்கலாம் போலிருந்தது. ராசம்மா அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

சண்டை முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள், தெருவில் நிறுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வேலை செய்தோம். அதற்குப் பிறகு ஒரு காலையில் ராசம்மா வந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. இந்தத் தடவை எந்த அலுவலகத்துக்கும் இல்லை, வீட்டுக்கு ஒரு படம் வேண்டுமென்றார்.

"சண்ட முடிஞ்சிருச்சின்னு எல்லாரும் சொல்றாங்களே. ரிஸ்வான் தம்பியும் நல்லபடியாப் போய்ச் சேந்திருச்சு. இனி அந்தக் கைய வச்சுக் குடுத்திருங்க."

அழித்தது அழித்ததுதான், திரும்ப எடுக்க முடியாது என்பது அவருக்குப் புரியும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் கணினி என்றால் எல்லாம் உள்ளே எங்கோ இருக்கும் என்று நினைத்திருந்தார். விளங்கப்படுத்தினேன். மாத்தையாவும் வந்து விளங்கப்படுத்தினார். ராசம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் வலது கையை மேசைமேல் வைத்தார். கொழுந்துச் சாயம் ஊறிக் கறுத்த விரல்கள், பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் குறுக்கே வெட்டுக்கள்.

"அப்ப எங் கைய வைக்க முடியுமா?"

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மாத்தையா எழும்பிப் போய்ப் பின்னறையில் விளக்கைப் போட்டார்.

கை ஒரு தோள்மேல் கிடந்தால்தான் படம் சரியாக வரும். மாத்தையா முக்காலியில் தானே உட்காருவதாகச் சொன்னார். அவர் தோளில் கைவைக்க ராசம்மாவுக்கு மனம் வரவில்லை, ஐயோ வேணாங்க மாத்தையா என்று பின்னால் போனார். ஆகவே நான் மாத்தையாவின் பழைய சட்டை ஒன்றை என் உடைக்கு மேல் போட்டுக்கொண்டு முக்காலியில் இருந்தேன். ராசம்மா எனக்கு இடப்பக்கம் வந்து நின்றார். முதலில் விரல் நுனி மட்டும் பட்டது. நல்லா வைங்க அம்மா என்று மாத்தையா கமெராவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். அப்போதுதான் கை முழுதாக இறங்கியது. தேயிலை மூட்டை சுமந்து வாழ்ந்த கை, பாரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு துணியை விரித்துப் போட்டதுபோல அவ்வளவு லேசாக இருந்தது. மாத்தையா எடுத்து முடித்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

கணினியில் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஒத்துப்போகவில்லை. தேர் வெயிலில் நிற்கிறான் அவன், விளக்கு வெளிச்சத்தில் வந்த கை இது. வாலிபனின் தோளுக்குக் கை கொஞ்சம் சின்னது. மங்கலாக்கினேன், மஞ்சளாக்கினேன், இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். உடைந்த நீலக் கோட்டை மட்டும் கை மறைத்துவிட்டது. ஆள் இல்லாமல் கை மட்டும் எங்கிருந்து வரும் என்பதுதான் என்னுடைய பெரிய பயமாக இருந்தது. ஆனால் நாலுக்கு ஆறில் தாளின் ஓரம் சரியாக அவருடைய மணிக்கட்டில் வந்து விழுந்தது. எல்லாக் கல்யாணப் படங்களிலும் பக்கத்தில் நிற்பவர்களுக்கு நேர்வதுதான். யாரோ ஒருவர் அங்கே நின்றிருக்கிறார், தாளுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

கண்டியிலிருந்து வந்த படத்தை ராசம்மாவின் கையில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"நா பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றார். "காயிதந்தான் பத்தல."

அதற்குப் பிறகு அவர் ஸ்டூடியோவுக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் கல்யாணமாகி வத்தளைப் பக்கம் வந்துவிட்டேன். கைபேசியிலேயே எல்லாரும் படம் எடுக்கத் தொடங்கியதும் மாத்தையா கடையை விட்டார். கணினியைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னார். அதற்குப் பின் அவரும் இல்லை. அந்தக் கடையில் இப்போது கைபேசி உறைகள் தொங்குகின்றன. பக்கத்துக் களஞ்சியமும் மாறிவிட்டதாம், கராம்பு வாடையே இல்லையாம்.

ராசம்மா இறந்ததை அவருடைய மகள்தான் எனக்குச் சொன்னாள். எப்படியோ என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். தோட்டத்து மலையிலேயே புதைத்தார்களாம். தலைமாட்டில் வைத்திருந்த அந்தப் படத்தைத் தன்னோடு வைத்துவிடச் சொல்லி அம்மா கேட்டிருந்தாராம், அப்படியே செய்துவிட்டார்களாம். இன்னொரு பிரதி உங்களிடம் இருக்குமா அக்கா, பள்ளிக்கூடப் படமும் கூட்டங்களுக்குக் கொண்டுபோன பெரிய படமும் மழையில் ஊறிப் போய்விட்டன, அண்ணனுடைய படம் எங்களிடம் ஒன்றும் இல்லை என்றாள். என்னிடமும் இல்லை என்று சொன்னேன்.

அலுவலகங்களுக்குக் கொடுத்தவை மட்டும் எங்காவது இருக்கும். கோப்புகளுக்குள், குண்டூசி துருப்பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக. அவற்றை இப்போது யாராவது திறந்து பார்க்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. பார்த்தால், கட்டம் போட்ட சட்டையில் ஒரு பையன் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருப்பான்.